பைப் ஐயாவின் குளிர்காலம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிற எவரும் முதலில் அதிபரின் அறை எங்கே என்றுதான் கேட்பார்கள். பைப் திருத்த வந்த அந்த மனிதர் கேட்டது, "தண்ணியைப் பூட்டுற வால்வு எங்கை?" என்று. நான் அப்போதுதான் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பாடம் முடித்துவிட்டு விறாந்தையால் வந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. அதிபருக்கும் தெரியவில்லை. வருடக்கணக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டித் திறக்கிற காவலாளிக்கும் தெரியவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு களிசானை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே வளர்ந்து கிடந்த பற்றைக்குள் இறங்கிவிட்டார். பத்து நிமிடத்தில் துருப்பிடித்த ஒரு வால்வைக் கண்டுபிடித்து, காணாமல் போன மாட்டைக் கண்டவர்போல அதன் தலையில் தட்டினார்.

"இதுதான் பள்ளிக்கூடத்தின்ரை கழுத்து. இது எங்கை இருக்கெண்டு இஞ்சை எல்லாருக்கும் தெரியவேணும்" என்றார்.

அவருடைய பெயரை எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊர் அப்படி. ஆகவே பிள்ளைகள் வைத்த பெயரே இருக்கட்டும்: பைப் ஐயா. நான் அண்ணை என்று கூப்பிட்டேன். கனடாவில் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடங்களில் பராமரிப்பு வேலை பார்த்தவர். நிலம் துடைப்பது, கதவு யன்னல் பூட்டுவது, வாசலில் பனி வழிப்பது, கட்டடத்தைச் சூடாக்குகிற இயந்திரத்தைக் கவனிப்பது எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் அடக்கம். ஏன் அண்ணை திரும்பி வந்தனீங்கள் என்று கேட்டால், "இனிக் குளிர் தாங்கேலாதெண்டு நாரி எலும்பு சொல்லிப்போட்டுது" என்பார். கலியாணம் செய்யாதவர். கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், தமக்கையார் வீட்டில் இருந்தார். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் ஒழுகிய ஒரேயொரு பைப்பைத் திருத்த வந்தவர், நாலு வருடம் எங்களை விட்டுப் போகவேயில்லை. சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். தேத்தண்ணி மட்டும். அதுவும் சீனி குறைத்து.

ஒரு பைப்பைத் தாண்டிப் போனால் அதைப் புறங்கையால் தொடாமல் அவரால் போக முடியாது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொடுவார். கனடாவில் அப்படித் தொட்டுத்தான் எது உறையப் போகிறது என்று பார்ப்பாராம். எங்கள் வெயிலில் "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொள்வார். அடுத்த நாளும் தொடுவார், அடுத்த நாளும் சுடும். பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே இடைவேளையில் காத்து நிற்பார்கள்.

அவர் வந்த பிறகு எங்கள் பெண்பிள்ளைகள் தண்ணீர் இல்லை என்று வீட்டில் நின்றது கிடையாது. அந்த உபகாரத்தை எழுத ஒரு பக்கம் போதும். அவர் செய்த ஆக்கினையை எழுதுவதென்றால் ஒரு கொப்பி வேண்டும்.

ஆக்கினை என்னவென்றால், கண்ட ஆக்களுக்கெல்லாம் குளிரில் உறைந்த பைப்பைப் பற்றிச் சொல்வார். யாழ்ப்பாணத்தில்! மார்கழியில் காலையில் கொஞ்சம் சில்லென்றால் தலையில் துவாய் கட்டிக்கொண்டு திரிகிற சனத்துக்கு! பெற்றோர் கூட்டத்தில் சொல்வார். சுன்னாகம் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிற ஓட்டோக்காரருக்குச் சொல்வார். சிற்றுண்டிச்சாலையில் வடை சுடுகிற மனுசிக்கு ஒருநாள் சொல்லிக்கொண்டு நின்றதை நானே கேட்டேன்.

"அக்கா, வெளிச்சுவரோடை இருக்கிற கைகழுவுற தொட்டி இருக்கெல்லே, அதுக்குக் கீழை அலுமாரிக் கதவைத் திறந்து விடவேணும். அப்பதான் அறையின்ரை சூடு பைப்புக்குப் போகும்."

அவ சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இஞ்சை அடுப்படியிலை இருக்கிற சூட்டை எங்கை அனுப்பிறதெண்டு முதல் சொல்லும்" என்றா.

அவருக்குக் கோபமே வராது. சிரித்துவிட்டு அடுத்ததைச் சொல்வார். லீவு விடுகிற நாளில் ஒவ்வொரு யன்னலையும் கையால் தள்ளிப் பார்க்கவேண்டும், திரைச்சீலைக்குப் பின்னாலும் பார்க்கவேண்டும். கடுங்குளிர் என்றால் கடைசிப் பைப்பைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. உறைந்துவிட்டால் பதறக் கூடாது. "முதல் பூட்டு, பிறகு கதை." எந்தக் கதையும் அங்கேதான் வந்து முடியும். பிள்ளைகள் சண்டைபிடித்தாலும் அதையே சொல்வார்.

ஒரு வைகாசி மாதம், மின்சாரம் போய், ஆசிரியர் அறையில் மின்விசிறியும் நின்று, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து இருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ரீச்சர், உறைஞ்ச பைப்பை இளக்கேக்கை நடுவிலை தொடங்கக் கூடாது. தண்ணி வாற வாய்ப்பக்கத்திலையிருந்து தொடங்கி..."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "அண்ணை, இஞ்சை இப்ப பைப்பைத் திறந்தால் அந்தத் தண்ணியிலை தேத்தண்ணி போடலாம். உந்த விசர்க்கதை ஆருக்கு?" என்றுவிட்டேன்.

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் கையில் இருந்த, பைப் மூட்டில் ஒட்டுகிற வெள்ளை நாடாவைச் சுற்றிப் பையில் வைத்தார். "ஓம் ரீச்சர், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மூன்று கிழமை என்னிடம் பைப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ரை வாய்க் கொழுப்பு எனக்குத் தெரியும்.

பிறகு ஒருநாள் நான் வகுப்பில் நீர் உறையும்போது பருமன் கூடும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். யன்னலில் அவர் தலை தெரிந்தது.

"உதை நீங்கள் புத்தகத்தாலை படிப்பிக்கிறியள் ரீச்சர். நான் நிலத்திலை துடைச்சனான்."

பிள்ளைகள் விட்டால்தானே! உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டார்கள். இரும்புக் குழாயையே ஐஸ் எப்படிப் பிளக்கும், உறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல் இளகும்போது எப்படித் தண்ணீர் பீறிட்டு வரும், சித்திரப் பாட ரீச்சரின் அலுமாரியில் இருக்கிற, தலைமயிர் காயவைக்கிற மெசினை வாங்கி எப்படி இளக்குவது என்று பாடவேளை முடியும்வரை சொன்னார். நான் பின்வாங்கிலில் இருந்து கொப்பி திருத்தினேன். கேட்காத மாதிரித்தான் இருந்தேன்.

அவர் செய்த ஒரேயொரு பிழையையும் சொல்லவேண்டும். ஒரு மார்கழி, தவணை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டும் நாள். வழக்கம்போல ஒவ்வொரு அறையாகப் போய் யன்னலைத் தள்ளி, பைப்புகளைப் பூட்டிக்கொண்டு வந்தார். தை பிறந்து பள்ளிக்கூடத்தில் பொங்கல். முற்றத்தில் கோலம் போட்டாயிற்று, அடுப்பு மூட்டியாயிற்று, பானையும் வைத்தாயிற்று. பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. தாங்கி காய்ந்து கிடக்கிறது. மோட்டரைப் போடுவோம் என்றால் மின்சாரமும் இல்லை. கோதாரி விழுந்தது எல்லாம் ஒரே நாளில்தான் வரும்.

கடைசிக் கட்டடத்தின் கடைசிப் பைப் சொட்டாகத் திறந்திருந்ததைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். லீவு முழுக்கச் சொட்டியே ஒரு தாங்கித் தண்ணீர் போய்விட்டது. அதிபர் காவலாளியைப் பார்த்து, "உமக்கு ஒரு பைப்பை வடிவாப் பூட்டத் தெரியாதோ?" என்று தொடங்கினார். அந்த மனுசன் விழித்துக்கொண்டு நின்றான். அதிபர் அடுத்த சொல் சொல்ல முன்னம் இவர் குறுக்கே வந்துவிட்டார்.

"நான்தான் சேர். நான்தான் திறந்து விட்டனான். அண்டைக்குப் பின்னேரம் முதுகிலை கொஞ்சம் குளிர் பட்டது. கை தன்ரை பாட்டிலை திறந்திட்டுது."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் அதிபர் உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் உறைந்துவிடும் என்று பைப்பைத் திறந்துவிட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் போனார். குடத்தோடு நானும் பின்னால் போனேன்.

நாலைந்து வாளி அள்ளி ஊற்றினார். பிறகு கிணற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரீச்சர், நான் அங்கை வேலைக்குப் போன முதல் வருசம். நத்தார் லீவு. நாலு வயசுப் பிள்ளையளின்ரை வகுப்பு. யன்னல் ஒரு விரக்கடை திறந்து கிடந்திருக்கு. நான் திரைச்சீலைக்குப் பின்னாலை பாக்கேல்லை. வந்து பாத்தால் பைப் உறைஞ்சு போச்சு. ஆரையும் கேக்கப் பயம். பைப் ஒட்டுற நெருப்பு லாம்பை எடுத்து நடுவிலை பிடிச்சன். வெடிச்சுது. பூட்டுற வால்வு எங்கையெண்டும் தெரியாது. பிள்ளையள் கீறின படமெல்லாம் தண்ணியிலை மிதந்தது."

"பேந்து?"

"என்னோடை வேலை செய்த ஒரு மனிசி. எங்கடை ஆள் இல்லை, வேறை நாட்டுக்காரி. அவதான் யன்னலைப் பூட்டேல்லையெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். அவவை நிப்பாட்டிப்போட்டினம். நான் பக்கத்திலை நிண்டனான் ரீச்சர். வாய் திறக்கேல்லை."

கயிறு அவர் கையில் அப்படியே நின்றது.

"எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அதுதான் காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறன். விசர்க்கதை எண்டு தெரியும். ஆருக்காவது உதவாதோ?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். கயிற்றை வாங்கி அடுத்த வாளியை நான் இழுத்தேன், அவ்வளவுதான். அதற்கு அடுத்த வருடம் நெஞ்சு நோகுது என்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. செத்தவீட்டில் எங்கள் பிள்ளைகள்தான் அதிகம் அழுதார்கள்.

இனி என் வீட்டுக் கதை. என் கணவர் கனடா போய் மூன்று வருடமாகிறது. இங்கே கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த மனுசனுக்கு, அங்கே அலைந்து திரிந்து கடைசியில் கிடைத்தது பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை. கேட்டதும் தனியே இருந்து சிரித்தேன், பிறகு கண் கலங்கியது. ஆறு மாதம் அவருடைய வேலையைக் கவனித்துப் பார்ப்பார்கள், திருப்தி என்றால்தான் நிரந்தரம். நிரந்தரமானால்தான் என்னையும் மகளையும் கூப்பிடுகிற பத்திரம் அசையும். மகளுக்கு அப்பாவின் முகம் தொலைபேசித் திரையின் அளவாகிக்கொண்டிருந்தது.

குளிர் தொடங்கியபோது, யன்னல் திரைச்சீலை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நீர் சும்மா இரும். உமக்கு இஞ்சத்தைக் குளிர் தெரியுமே?" என்று வாயை அடைத்துவிட்டார். எனக்கு ஆசிரியர் அறையில் நான் பேசின பேச்சு நினைவு வந்தது.

போன தை மாதம், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் ஐந்தரை மணி. அங்கே காலை ஏழு. வீடியோவில் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இஞ்சரும், தண்ணி வரேல்லை."

"எங்கை வரேல்லை?"

"சின்னப் பிள்ளையளின்ரை வகுப்பிலை. சுவர்க்கரைத் தொட்டி. சனி ஞாயிறு சரியான குளிர், உறைஞ்சு போச்சு. மேலாளருக்குப் போன் அடிச்சன். பைப் வேலைக்காரர் பத்து மணிக்குப் பிறகுதான் வருவினமாம். எட்டே முக்காலுக்குப் பிள்ளையள் வந்திடுங்கள். அதுதான் இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாப்பம் எண்டு..."

கையைத் தூக்கிக் காட்டினார். நெருப்பு லாம்பு. நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"அணையுங்கோ!" நான் போட்ட சத்தத்தில் மகள் குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள்.

"ஏன் கத்துறீர்?"

"அணையுங்கோ எண்டுறன். முதல் பூட்டு, பிறகு கதை! அந்த வகுப்புக்குத் தண்ணி போற வால்வு எங்கை?"

அவருக்குத் தெரியவில்லை. பற்றைக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பேர் விழித்துக்கொண்டு நின்றது கண்முன்னே வந்தது. "பக்கத்து அறையளுக்குள்ளை தேடுங்கோ, ஓடுங்கோ" என்றேன். ஓடினார். நிலம் கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற அறைக்குள் மேலே இருந்தது. பூட்டினார்.

"இப்ப பைப்பின்ரை வாயைத் திறந்து விடுங்கோ. கீழை அலுமாரிக் கதவையும் திறவுங்கோ. இனிச் சித்திர ரீச்சரின்ரை அலுமாரிக்குப் போங்கோ."

"சித்திர ரீச்சரோ? உமக்கென்ன விசரே?"

"பிள்ளையளின்ரை படம் காயவைக்க, தலைமயிர் காயவைக்கிற மெசின் ஒண்டு வைச்சிருப்பா. போங்கோ கெதியா."

திரும்பி வந்தபோது அவருடைய குரலே மாறியிருந்தது. "இருக்கு" என்றார். பாடசாலைப் பிள்ளைபோல, "இனி?" என்றார்.

"வாய்ப்பக்கத்திலை தொடங்கி, மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் போங்கோ. நடுவிலை பிடிச்சால் உருகினது வெளியாலை வர வழியில்லாமல் பைப் வெடிக்கும். நிலத்திலை ஈரமில்லாமல் நில்லுங்கோ, கையிலை கரண்டு."

குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் தவிர வேறெங்கும் ஐஸைக் காணாத நான், வேர்வை ஒழுக ஒழுகக் கதிரையில் இருந்து கனடாவில் ஒரு பைப்பை இளக்கிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் மெசின் இரைந்தது. பிறகு பைப் செருமியது. ஒரு சொட்டு விழுந்தது. பின்னால் இன்னொன்று. மகள் கைதட்டினாள்.

"இப்ப வால்வைக் கால்வாசி திறந்துபோட்டு ஓடி வந்து, புறங்கையாலை பைப்பைத் தடவிப் பாருங்கோ."

தடவினார். வளைகிற மூட்டில் ஈரம். மயிரிழை வெடிப்பு. திரும்ப ஓடிப் போய்ப் பூட்டினார், கீழே வாளி வைத்தார். லாம்பைப் பிடித்திருந்தால் அந்த வகுப்பும் மிதந்திருக்கும்.

அப்பாடா என்று இருக்கும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "இஞ்சரும், யன்னல் கொஞ்சம் திறந்து கிடந்தது. திரைச்சீலைக்குப் பின்னாலை. வெள்ளிக்கிழமை கடைசியாப் பாத்துப் பூட்டினது நான்தான். இப்பப் பூட்டிப்போட்டன், ஒருத்தரும் காணேல்லை. பின்னேரம் கூட்டித் துடைக்க ஒரு பிள்ளை வாறவள், அவளும் அந்த வகுப்புக்குள்ளை போறவள்தான்..."

வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் என் மனம் அந்த முகம் தெரியாத பிள்ளையின் பக்கம் நிற்கவில்லை. பக்கத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளின் பக்கம்தான் நின்றது. சொல்லாமல் விட்டால் விட்டதுதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட நினைத்தேன். அதோடு கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி நின்ற அந்தக் கையும் நினைவில் வந்துவிட்டது.

"சொல்லுங்கோ" என்றேன். "மேலாளர் வந்தவுடனை நான்தான் எண்டு சொல்லுங்கோ."

"வேலை போனால்?"

"போனால் போகட்டும். இஞ்சை வந்து எங்களோடை கிணத்திலை தண்ணி அள்ளுங்கோ. சொல்லாட்டி அதை இருபது வருசம் சுமக்கவேணும். சுமந்த ஆளை நான் கண்டனான்."

சொன்னார். மேலாளர் குறித்துக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த இரண்டு நாளும் வகுப்பில் பிள்ளைகளைத் தேவையில்லாமல் ஏசினேன். மூன்றாம் நாள் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு, லாம்பைத் தொடாமல் முதலில் வால்வைப் பூட்டியது நல்ல வேலை என்றும், இனி வெள்ளிக்கிழமைகளில் எதையெதைப் பார்த்துப் பூட்டவேண்டும் என்று மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுக்கும்படியும் சொன்னார்களாம். ஆனியில் வேலை நிரந்தரமானது. பத்திரம் போட்டாயிற்று.

"உமக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" என்று அவர் கேட்டார். சொன்னேன். "அவரின்ரை நம்பரைத் தாரும், ஒருக்கா நன்றி சொல்லவேணும்" என்றார். நம்பர் இல்லை என்று சொல்லிவிட்டு நான் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ரயில் பாதைக்குப் பக்கத்தில் பைப் ஐயா இருந்த வீட்டுக்குப் போனேன். தமக்கையாருக்கு எழுபத்தைந்து இருக்கும். முழுக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் ஒரு ரயில் போனது. அது போய் முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்கினேன். கிணற்றடிக் கதைக்கு அவ தலையை மட்டும் ஆட்டினா.

"நீங்கள்தானே அந்த விஞ்ஞான ரீச்சர்?" என்றா.

"ஓம் அக்கா."

"உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் குறை சொல்லுவான். எல்லாரும் சிரிச்சுக்கொண்டெண்டாலும் கேக்கினம் அக்கா, அந்த விஞ்ஞான ரீச்சர் மட்டும் நான் சொல்லுற ஒண்டையும் காதிலை விழுத்திறா இல்லை எண்டு."

"விழுந்தது அக்கா" என்றேன். "எல்லாம் விழுந்திருக்கு."